பவளத்தின்மேல் ஓர் ஓடுபாதை

ஆகாயவிமானத் தளம் ஒன்றுக்கு இடம் பார்க்கும் பொறியியல் வல்லுநர், நிலம் சமதரையாக இருக்கிறதா, அடிமண் பாரத்தைத் தாங்குமா, வருஷத்தின் பெரும்பகுதியில் காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்னும் மூன்று விஷயங்களை முதலில் விசாரித்து, அவற்றுள் ஏதேனும் ஒன்று ஒத்துவராவிட்டால் வேறோர் இடத்தை நாடிச் செல்வது வழக்கம். பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவே, பூமத்திய ரேகைக்குத் தெற்கில் எட்டரைப் பாகையில் கிடக்கும் ஃபுனாஃபுட்டி என்னும் பவளவளையத்தில், இரண்டாம் உலக யுத்தத்தின்போது விமானத் தளம் நிர்மாணிக்க வந்த அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் பிரிவினருக்கு, அவ்விதம் நாடிச் செல்ல வேறோர் இடம் இருக்கவில்லை. வளையத்தின் கீழ்ப்புற விளிம்பிலுள்ள ஃபோங்காஃபாலே என்னும் தீவு சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ளதாயினும், ஒரு புறத்துப் பெருங்கடலும் மறு புறத்துக் காயலும் ஒரே பார்வையில் அகப்படும்படி அவ்வளவு குறுகியது; அது ஏறத்தாழ 400 மீட்டர் அகலத்துக்கு விரியும் நடுப்பகுதியில் மட்டுமே 5,000 அடி, அதாவது 1,524 மீட்டர், நீளமுள்ள ஓடுபாதையைக் கிடத்த முடிந்தது; அதுவும் தீவின் போக்கையே அனுசரித்துத் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகத்தான். காற்றோ வருஷத்தின் பெரும்பகுதியில் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசுவது. ஆகையால் இறங்கும் விமானங்கள் அடிக்கடி பக்கக் காற்றைச் சமாளித்தே தரையைத் தொடவேண்டியிருக்கிறது.

1978-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி சுதந்திரம் அடைந்த துவாலு என்னும் தேசத்துக்கு இதுவே ஒரே விமான நிலையம். அந்தத் தேசத்தின் ஒன்பது தீவுகளின் நிலப்பரப்பையும் கூட்டினால் 26 சதுர கிலோமீட்டர்தான். ஜனத்தொகை ஏறத்தாழ 11,000. அதில் பாதிக்கு மேற்பட்டோர் இந்த ஒரு வளையத்திலேயே வசிக்கிறார்கள். பிஜித் தீவுகளின் தலைநகரான சுவாவிலிருந்து, சுமார் 1,100 கிலோமீட்டர் கடலைக் கடந்து, இரு சுழல்விசிறிகள் கொண்ட ஏடிஆர் 72 ரக விமானம் வாரத்தில் சில நாட்கள் வருகிறது. விமானம் வராத வேளைகளில் ஓடுபாதையே ஊரின் மைதானம்: மாலை வெயில் தணிந்ததும் இளைஞர்கள் அங்கே கால்பந்தும் கைப்பந்தும் ஆடுகிறார்கள், புழுக்கமான இரவுகளில் குடும்பங்கள் பாய் விரித்துப் படுக்கின்றன, விமானம் நெருங்கும் சமயத்தில் தீயணைப்பு வண்டியின் சங்கு ஒலித்ததும் எல்லோரும் விலகி வழிவிடுகிறார்கள். இதை வேடிக்கையாக வர்ணித்துச் செல்லும் பிரயாணிகள் பலர். ஆனால் இதில் வேடிக்கை ஏதும் இல்லை என்பதே என் அபிப்பிராயம். ஓடுபாதையும், அதன் இருமருங்கிலும் கட்டடம் எழும்பாமல் காலியாக விடவேண்டிய பட்டையும் சேர்ந்து தீவின் அகலமான பகுதியில் பெரும்பங்கைப் பிடித்துக்கொண்டபின், ஊர் ஜனங்கள் காலாற நடக்க மிஞ்சிய திறந்தவெளி அது ஒன்றேயாகும்.

இத்தகைய தனித் தீவுக்கு விமானம் செலுத்துவதில் ஒரு நுட்பமான கணக்கு உண்டு. பெருநிலங்களில் பறக்கும் விமானி, தான் சேரவேண்டிய நிலையத்தை மேகமோ மழையோ மறைத்துவிட்டால், அருகிலுள்ள வேறொரு நிலையத்துக்குத் திரும்பிவிடலாம். அதற்குரிய எரிபொருளும் அவரிடம் இருக்கும். சுற்றிலும் பல நூறு கிலோமீட்டர் கடலே சூழ்ந்திருக்கும் ஓரிடத்துக்கு இந்த விதி பொருந்தாது. ஆகையால், மாற்று நிலையம் இல்லாத தனித் தளங்களுக்குச் செல்லும் சுழலி எஞ்சின் விமானங்கள், போய்ச் சேரும் எரிபொருளுக்கு மேலாக, தளத்தின் மேலே இரண்டு மணி நேரம் பறப்பதற்குப் போதுமான எரிபொருளையும் சுமந்து செல்லவேண்டும் என்று சர்வதேச விதிகள் ஏற்பாடு செய்திருக்கின்றன. அந்த எரிபொருளின் எடைக்கு ஈடாக எத்தனை பிரயாணிகளும் எத்தனை மருந்துப் பெட்டிகளும் பின்தங்க வேண்டியிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு. போகும் வழியில் ஒரு புள்ளி வரையிலேயே புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப முடியும். அதைத் தாண்டினால் முன்னே செல்வதைத் தவிர வேறு கதியில்லை. மணிக்கு 500 கிலோமீட்டர் வேகமும் ஐந்து மணி நேர எரிபொருளும் உடைய ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். காற்று அசையாத நாளில் அந்தப் புள்ளி 1,250 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும். எதிர்க்காற்று மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், போகும்போது இழந்ததைத் திரும்பும்போது அதே காற்று ஈடுசெய்துவிடும் என்று தோன்றலாம். ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால் புள்ளி 1,200 கிலோமீட்டருக்குச் சுருங்கிவிடுகிறது. காற்று போகும்போது எதிர்த்தாலும் சரி, வரும்போது எதிர்த்தாலும் சரி, விளைவு ஒன்றே. மெதுவாகச் செல்லும் பாதியில் நீண்ட நேரம் கழிவதும், வேகமாகச் செல்லும் பாதியில் குறைந்த நேரமே கழிவதும் இதன் காரணம். 1,100 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு தீவை நோக்கிச் செல்லும்போது அந்த 50 கிலோமீட்டர் அற்பமான அளவல்ல.

ஆகாயத்து விஷயம் இவ்வளவு போதும்; தரைக்கு வருவோம். ஓடுபாதையின் அடியில் என்ன இருக்கிறது என்னும் கேள்விதான், விமானம் என்ற ஒன்று தோன்றுவதற்கு முன்பே, உலகத்து விஞ்ஞானிகளின் கவனத்தை இந்தச் சிறு தீவின்மேல் திருப்பியது. பெருங்கடலின் நடுவே, ஆழங்காண முடியாத நீரிலிருந்து, மோதிரம்போல் வட்டமாக எழுந்து நிற்கும் பவளத்திட்டுகள் எவ்விதம் உண்டாயின என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் புதிர்களுள் ஒன்று. பாறை கட்டும் பவளப் பிராணிகள் சூரிய ஒளி எட்டும் ஆழத்திலேயே உயிர்வாழக் கூடியவை. அப்படியிருக்க, ஆயிரக்கணக்கான அடி ஆழத்திலிருந்து அவை எங்ஙனம் கட்டிக்கொண்டு வந்திருக்க முடியும்? 1842-இல் வெளியிட்ட நூலில் சார்லஸ் டார்வின் கொடுத்த விடை அபாரமான எளிமையுடையது. கடலில் எழுந்த எரிமலை ஒன்றின் கரையோரத்தில் பவளம் படர்கிறது. எரிமலை தன் பாரத்தாலும் கடலடித் தரையின் தாழ்வாலும் மெல்ல மெல்ல அமிழ்கிறது. பவளமோ ஒளியை நாடி அதே நிதானத்தில் மேல்நோக்கி வளர்கிறது. கடைசியில் மலைச்சிகரம் நீருள் மறைந்துவிட, அதைச் சுற்றியிருந்த வளையம் மட்டும் எஞ்சுகிறது. சர் ஜான் மர்ரே முதலிய வேறு சில அறிஞர்கள் இதை ஏற்கவில்லை. கடலடி மேடுகளின்மேல் வண்டல் படிந்து உயர்ந்த இடங்களில் பவளம் குடியேறியதாக அவர்கள் வாதித்தார்கள்.

வாதத்தைத் தீர்க்க ஒரே வழி, ஒரு வளையத்தைத் துளைத்துப் பார்ப்பது. லண்டன் ராயல் சொசைட்டி அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் ஃபுனாஃபுட்டி. 1896-இல் பேராசிரியர் சோலாஸ் தலைமையில் சென்ற முதல் கோஷ்டியின் துளைகள், நீரோடு கலந்து சரியும் மணலில் சிக்கிச் சுமார் 100 அடியோடு நின்றுபோயின. அடுத்த ஆண்டு சிட்னி சர்வகலாசாலையின் பூகர்ப்ப சாஸ்திரி எட்ஜ்வொர்த் டேவிட், தம் மனைவியாருடன் வந்து, பல இடையூறுகளுக்கிடையே வேலையை முன்னேற்றினார்; அவ்வம்மையார் எழுதிய தீவு வாழ்க்கை வர்ணனை நூல் 1899-இல் அச்சேறியது. 1898-இல் துளை 1,114 அடி ஆழத்தை, அதாவது 340 மீட்டரை, எட்டியது. மேலிருந்து கீழ்வரை கிடைத்ததெல்லாம் பவளமும் அதன் தோழமைப் பிராணிகளும் விட்டுச்சென்ற சுண்ணாம்புப் பாறையே. ஆழமற்ற நீரில் மட்டுமே வாழும் உயிர்களின் சுண்ணாம்புக் கூடுகள் அத்தனை ஆழத்தில் கிடந்தமை, அடித்தரை அமிழ்ந்திருக்க வேண்டும் என்பதற்கு வலுவான சான்றாயிற்று. எனினும் எரிமலைப் பாறையைத் துளை தொடவில்லை. 1952-இல் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த எனிவிடாக் வளையத்தில், 1,200 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் எரிமலைப் பாறை அகப்பட்ட பிறகுதான் டார்வினுடைய சித்தாந்தம் ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றது.

ஆகவே, ஃபுனாஃபுட்டியில் இறங்கும் விமானத்தின் சக்கரங்கள் தொடுவது நிலத்தையன்று, முன்னொரு காலத்தில் உயிரோடிருந்தவற்றின் உடற்குவையையே எனலாம். கடலிலிருந்து சுண்ணாம்பைக் கிரகித்துக் கூடு கட்டிய பவளங்கள், சிப்பிகள், பாசிகள் இவற்றோடு, ஊசிமுனையினும் சற்றே பெரிய, நட்சத்திர வடிவுள்ள ஓரணு உயிர்களின் ஓடுகளும் சேர்ந்து இந்தத் தீவுகளின் மணலாகியிருக்கின்றன. பவளத்திட்டின் தட்டையான மேற்பரப்பு, சில ஆயிரம் ஆண்டுகளுக்குமுன் கடல்மட்டம் இன்றையதைக் காட்டிலும் சற்று உயர்ந்திருந்த காலத்தில் வளர்ந்தது. பின்பு கடல் தாழ்ந்தபோது அது அலைகளின் மேடையாக வெளிப்பட்டது. அந்த மேடையின்மேல் புயல்கள் வாரி எறிந்த கற்குவையும் மணலும்தான் தீவு. தீவின் உயரமான இடமும் கடலுக்குமேல் நாலைந்து மீட்டருக்கு மிகாது.

புயல் தீவை அழிக்கும் என்பதே நமது எண்ணம். 1972-ஆம் ஆண்டு அக்டோபரில் வீசிய பெபே என்னும் சூறாவளி ஃபுனாஃபுட்டியின் பெரும்பாலான வீடுகளைத் தகர்த்தது உண்மையே. ஆயினும் அதே இரவில், வளையத்தின் தென்கிழக்கு விளிம்பு நெடுக, சுமார் 19 கிலோமீட்டர் நீளத்துக்கு, சில இடங்களில் 4 மீட்டர் உயரம்வரை எழும்பிய ஒரு பவளக்கல் மதிலைக் கடல் கட்டிவிட்டுப் போயிற்று. பின்வந்த ஆண்டுகளில் அலைகள் அந்த மதிலைச் சிறிது சிறிதாகக் கரையை நோக்கித் தள்ளித் தீவுகளுக்குப் புதுநிலமாக ஊட்டின. பவளத் தீவு என்பது நிலைத்து நிற்கும் ஒரு பொருளன்று. ஒரு புறம் தேய்ந்து மறுபுறம் வளர்ந்து, அசைந்துகொண்டே தன்னைக் காத்துக்கொள்ளும் ஒரு நிகழ்ச்சி. ஓடுபாதையோ, ஓரங்குலமும் அசையாமல் இருப்பதற்காகவே கட்டப்படுவது. இவ்விரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து வாழ நேர்ந்ததுதான் இத்தளத்தின் கதை முழுவதும்.

1942-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி அமெரிக்கக் கடற்சேனை ஃபுனாஃபுட்டியில் இறங்கியது. ஜப்பானியர் வசமிருந்த கில்பர்ட் தீவுகளைத் தாக்கக் குண்டுவீச்சு விமானங்களுக்கு ஒரு தளம் தேவைப்பட்டது. தென்னந்தோப்புகள் அழிக்கப்பட்டன, தீவின் உடலிலேயே பத்துப் பெரும் பள்ளங்கள் தோண்டிப் பவளம் எடுக்கப்பட்டது. அந்தப் பவளத்துக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. நொறுக்கிப் பரப்பிய பவளத்தைக் கடல்நீரால் நனைத்துப் பெரும் உருளைகளால் அழுத்தினால், நுண்ணிய பொடி இடுக்குகளை நிரப்புகிறது. சுண்ணாம்பு சிறிதளவு கரைந்து, உலரும்போது மறுபடியும் படிகமாகித் துகள்களைப் பிணைக்கிறது. சிமெண்டு ஏதும் கலவாமலே தரை இறுகிவிடுகிறது. நிரம்பச் சுமந்தபோது 25 டன்னைத் தாண்டும் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை அந்தப் பவளத் தரை தாங்கியது. இன்று வந்துபோகும் விமானம், முழுச் சுமையோடும் ஏறத்தாழ 23 டன்தான். 1943 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் பதிலுக்குக் குண்டு வீசியபோது, தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த ஏராளமான தீவுவாசிகளை ஓர் அமெரிக்கப் போர்வீரர் வற்புறுத்திப் பதுங்குகுழிகளுக்கு அனுப்பிய சற்று நேரத்துக்கெல்லாம் அந்தத் தேவாலயம் தாக்குண்டு இடிந்தது. நவம்பர் மாதம் கில்பர்ட் தீவுகளின் தராவாவில் நடந்த சண்டைக்குப் பின் யுத்தம் வடக்கே நகர்ந்துவிட்டது. பள்ளங்கள் அப்படியே நின்றன.

ஓடுபாதை எதன்மேல் போடப்பட்டது என்பதுதான் அந்த ஜனங்களுக்கு யுத்தத்தைக் காட்டிலும் நெடுங்காலம் நீடித்த விஷயம். தீவின் நடுப்பகுதி இருமருங்கும் உள்ள கரைமேடுகளைவிடத் தாழ்ந்தது, ஈரம் தங்குவது. அங்கேதான் குழிவெட்டி, இலைதழை எருவிட்டு, புலாக்கா என்னும் பெருங்கிழங்கைத் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு வந்தார்கள். அந்தப் பயிர் பிழைப்பது, மழைநீர் மண்ணில் இறங்கி உப்புநீரின்மேல் மிதந்து நிற்பதால். நன்னீரைவிடக் கடல்நீர் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அடர்த்தி மிக்கது; ஆகையால், கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு சாண் உயர்ந்து நின்றால், மட்டத்துக்குக் கீழே அது நாற்பது சாண் ஆழம்வரை உப்புநீரை அமுக்கி நிற்க வேண்டும் என்பது கணக்கு. இருபுறமும் குவிந்த வில்லைபோல் அமையும் இந்த நீர்த்தேக்கம், துளைகள் நிரம்பிய பவளத்தில் கணக்குப்படி முழுமையாக நிற்பதில்லை. அலையேற்றம் அதை நாள்தோறும் கலக்குகிறது. தீவு எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கே வில்லையும் தடிக்கும். அகலமான இடத்திலோ ஓடுபாதை அமர்ந்துகொண்டது. தோண்டிய பள்ளங்களில் உப்புநீர் நின்றது. இன்று அத்தீவில் நிலத்தடி நீர் குடிக்க உதவுவதில்லை. கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்தே ஜனங்கள் குடிக்கிறார்கள். 2011-இல் மழை பொய்த்தபோது அரசாங்கம் அவசரநிலையைப் பிரகடனம் செய்யவேண்டியதாயிற்று.

வருஷத்தின் முதல் மாதங்களில், அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிச் சந்திரன் பூமிக்கு அண்மையில் வரும் நாட்களில், கடலேற்றம் உச்சத்தை எட்டுகிறது. அப்பொழுது ஓடுபாதையின் ஓரங்களில் தண்ணீர் தேங்குகிறது. அது கரையைத் தாண்டி வந்த நீரன்று. காலடியிலுள்ள பவளத்தின் துளைகள் வழியே கீழிருந்து குமிழியிட்டு எழும் நீர். கரையில் எவ்வளவு உயரமான சுவர் எழுப்பினாலும் இந்த நீரைத் தடுக்க முடியாது. இக்காட்சியின் புகைப்படங்கள், கடல்மட்ட உயர்வின் சாட்சியாக உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வெளிவந்துள்ளன. அவை பொய்யல்ல, கடல் உயர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் யமானோவும் அவருடைய தோழர்களும் 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று, அந்தப் படங்கள் சொல்லாத ஓர் உண்மையை வெளிப்படுத்திற்று. பவளத்தைத் துளைக்க வந்த விஞ்ஞானிகள் 1896-லும் 1897-லும் தீவை அளந்து படம் வரைந்து வைத்திருந்தார்கள். அந்தப் பழைய படத்தை இன்றைய படத்தோடு ஒப்பிட்டபோது, இப்பொழுது வெள்ளம் தேங்கும் இடங்கள் அக்காலத்தில் சதுப்பாகவும் அலையாத்திச் செடிகள் வளர்ந்த நீர்நிலையாகவும் இருந்த இடங்களே என்று தெரியவந்தது. தளத்துக்காகச் சதுப்பு தூர்க்கப்பட்டது. பின்பு தலைநகருக்குக் குடியேறிய ஜனங்கள், வேறிடம் இல்லாமையால், அந்தத் தாழ்நிலத்தில் வீடு கட்டினார்கள். உயரும் கடல் முதலில் அங்கே தலைகாட்டுகிறது.

இந்த உண்மையைக் கேட்டவுடன், அப்படியானால் கடல்மட்ட உயர்வு ஒரு பீதி மாத்திரமே என்று முடிவுகட்டுவோர் உண்டு. அவர்களுக்கு இன்னொரு ஆராய்ச்சியும் துணைபோலத் தோன்றும்: நியூஸிலாந்து விஞ்ஞானி பால் கெஞ்சும் உடனுழைப்போரும் 1971 முதல் 2014 வரையிலான படங்களைக்கொண்டு துவாலுவின் சிறு திட்டுகளையும் சேர்த்து 101 தீவுகளை அளந்து, கடல் உயர்ந்த அதே காலத்தில் மொத்த நிலப்பரப்பு நூற்றுக்கு 2.9 பங்கு பெருகியிருப்பதாக 2018-இல் அறிவித்தார்கள். நிலம் பெருகியது மெய். ஆனால் அது அகலத்திலும் இடத்திலும் நிகழ்ந்த மாறுதலேயன்றி, வீடுகளின் வாசற்படி உயர்ந்ததாக அதற்குப் பொருளில்லை. மேலும், அலையும் புயலும் தீவை உயர்த்தும் விதம், அதன்மேல் கல்லையும் மணலையும் வாரிக் கொட்டுவது. மனிதர் வசிக்காத தீவு அதை ஏற்றுக்கொண்டு உயரலாம். தார்பூசிய ஓடுபாதையும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் உள்ள தீவு எப்படி ஏற்கும்? வந்து விழும் கல்லை உடனே அகற்றியாக வேண்டும். அகற்றுந்தோறும் தீவு தன் உயரத்தை இழக்கிறது. மணலுக்கு ஆதாரமான ஓரணு உயிர்களும், குடியிருப்பின் கழிவுநீர் கலக்கும் கரையோரங்களில் அருகிப்போயின.

நல்ல முயற்சிகள் நடவாமல் இல்லை. யுத்தகாலப் பள்ளங்கள் பத்தும் நியூஸிலாந்தின் உதவியால் 2015-இல் காயல் மணல்கொண்டு நிரப்பப்பட்டன. குப்பையும் உப்புநீரும் எழுபது ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த இடங்கள் வசிக்கத்தக்க நிலமாயின. பசுமைப் பருவநிலை நிதியத்தின் பொருளுதவியோடு காயல் ஓரத்தில் ஏறத்தாழ ஏழு ஹெக்டேர் புதுநிலம், இந்த நூற்றாண்டின் இறுதிக்குப் பின்னும் கடலுக்குமேல் நிற்கும் உயரத்தில், உருவாக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஓடுபாதை இன்னும் அந்தத் தாழ்ந்த நடுநிலத்திலேயே கிடக்கிறது. நோயாளியை வெளிதேசத்து ஆஸ்பத்திரிக்கு விரைவில் கொண்டுசெல்லவும், புயலுக்குப்பின் மருந்தை இறக்கவும் அதைத் தவிர வேறு வழியில்லாதபோது, அதை மட்டும் பழைய மட்டத்தில் விட்டுவைத்தல் தகாது. புதுநிலத்தை உயர்த்தியதுபோல் ஓடுபாதையையும் உயர்த்தவேண்டும். உயர்த்தும்போது கீழிருந்து எழும் நீர் வடிந்து செல்ல வழிவிட வேண்டும். 1896-லும் 1897-லும் வரைந்த அந்தப் படத்தைப் பொறியியலார் தங்கள் மேசைமேல் விரித்துவைத்துக்கொண்டே வேலையைத் தொடங்கவேண்டும். அதற்காகும் செலவைத் துவாலுவின் 11,000 ஜனங்கள்மேல் ஏற்றுவது நியாயமாகாது. சதுப்பைத் தூர்த்தவர்களும் அவர்கள் அல்லர், கடலை உயர்த்தும் புகையைப் பெருமளவில் வெளியிட்டவர்களும் அவர்கள் அல்லர். அக்கடன் பெருந்தேசங்களுடையது.